மருந்துக்கடைச் சீட்டுகள்

வயதாகிவிட்டதால் முள்ளெலி தன் மருந்துக்கடையை மூடப்போவதாகக் கேள்விப்பட்டு நரி வந்தது.

"அண்ணாச்சி, பழைய மருந்துச் சீட்டெல்லாம் எனக்குக் கொடுங்க. நல்ல விலை தர்றேன்."

"அதை வச்சு என்ன பண்ணப்போறே?"

"சும்மா, பொட்டலம் மடிக்கத்தான்."

"நாளைக்கு வா."

நரி போனதும் முள்ளெலி சீட்டுகளைப் படிக்க உட்கார்ந்தது. முயலின் சுளுக்கிய கால், மானின் மங்கிய கண், அணில் தன் குட்டியைக் காய்ச்சலோடு தூக்கிவந்த மழைநாள். எல்லாம் இந்தக் கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னவை. முள்ளெலிக்குக் கண் கலங்கியது. படித்து முடித்ததையெல்லாம் குளத்து நீரில் ஊறவைத்துக் கூழாக்கியது.

மறுநாள் நரி காலியான சீட்டுப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தது.

"சீட்டு போனா போகட்டும். உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. முயலுக்கு எந்தக் கால்ல நோவு?"

முள்ளெலி பந்தாகச் சுருண்டுகொண்டது.