தாமதமாகப் பற்றும் மருந்து

நாகூர் மீரான் வாசல் தூணோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "மீரான்!" என்று கந்தப்பு இரண்டு முறை கூப்பிட்டார். மனிதர் திரும்பினால்தானே!

"அங்க யாரைக் கூப்பிடறீங்க அண்ணே? உள்ள வாங்க," என்றபடி வந்தாள் ஹாஜரா. "பாத்திஹா ஓதி முடிச்சாச்சு. எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க. உங்களுக்குச் சோறு எடுத்து வச்சிருக்கேன்."

ஓதியது அவள் கணவர் மீரானுக்காகத்தான். அவர் இறந்து அன்றோடு மூன்று வருடம்.

கந்தப்பு மறுபடி தூணோரம் பார்த்தார். மதிய வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடமாக இதே கதைதான். குளியலறைக் கதவைத் திறந்தால் மீரான். பஸ்ஸுக்கு நின்றால் வரிசையில் முன்னால் மீரான். முகத்தைக் காட்டினால்கூடத் தேவலை. எப்போது பார்த்தாலும் அந்த முதுகுதான். "மன்னிச்சிடு மீரான்" என்று நடுத்தெருவில் கெஞ்சியும் பார்த்தாயிற்று.

போன இரண்டு வருடமும் பாத்திஹாவுக்கு அழைப்பு வந்தபோது காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தவர், இன்று ஹாஜராவிடம் உண்மையைக் கொட்டிவிடுவது என்று வந்திருந்தார். இனியும் மறைத்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் படக் கம்பெனி பழங்காலச் சண்டை ஒன்றைப் படம் பிடித்த சமயம் அது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பட்டாளத் துப்பாக்கிகள். குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, காகிதத்தை அடைத்து இடிக்கும் ரகம். குண்டு கிடையாது, புகையும் சத்தமும்தான். ஆயுதக் கிடங்கில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருவரிடமும் கம்பெனி பொறுப்பைக் கொடுத்தது. கந்தப்பு மருந்து அளப்பார். மீரான் சிப்பாய் வேஷத்தில் வரிசையில் நின்று சுடுவார்.

கருமருந்தைக் கப்பலில் ஏற்ற அனுமதி கிடைக்காததால், அதற்குப் பதிலாகப் புதிதாக வந்த மாற்று மருந்தைக் கம்பெனி டின் டின்னாகக் கொண்டுவந்திருந்தது. கூடவே ஓர் ஆங்கிலத் தாள். கந்தப்பு கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தாள் என்று கையில் கிடைத்தால் அச்சடித்தவன் விலாசம் வரை படிக்காமல் விடமாட்டார்.

மீரான் வேனை ஓட்ட, கந்தப்பு பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "இது பழைய மருந்து மாதிரி சட்டுன்னு பத்தாது மீரான். விசைய இழுத்தும் வெடிக்கலேன்னா, ஒரு நிமிசம் துப்பாக்கிய நீட்டுன மாதிரியே பிடிச்சிருக்கணும். லேட்டாப் பத்தும்."

மீரான் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

கொஞ்ச காலமாகவே மீரானிடம் ஒரு புது மரியாதை வந்திருந்தது. யார் பேசினாலும் முகத்தையே பார்த்து நின்று, முடித்த பிறகுதான் பதில் சொல்வார். பேரன் எடுத்ததும் பொறுமை வந்துவிட்டது என்று கந்தப்பு கேலி செய்வார்.

படப்பிடிப்பில் சுடச் சொல்லும் கொடி இறங்கியது. வரிசையில் ஒன்பது துப்பாக்கிகள் வெடித்தன. பத்தாவது, மீரானுடையது, 'டிக்' என்றதோடு சரி.

வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் குதித்தார். இரண்டு கையிலும் டின்களோடு பின்னால் நின்ற கந்தப்பு, படித்ததெல்லாம் மறந்து கத்தினார். "கீழ இறக்கு மீரான்! வேற எடுத்துக்க!"

மீரான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியை இறக்கி, அதன் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றினார். குழல்வாய் நெஞ்சுக்கு நேராக வந்தது. அப்போதுதான் மருந்து பற்றியது. நாலு விரல் தூரத்தில் வெடித்தால் அடைத்த காகிதமும் குண்டுதான்.

விசாரணையில் கந்தப்பு, "இறக்காதேன்னுதான் கத்தினேன்" என்று சொல்லிவிட்டார். பயம் அப்படிச் சொல்ல வைத்தது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவசரக்காரன், தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று ஹாஜராவின் காதுபடவே பேசினார்கள்.

இப்போது அவள் வைத்த சோற்றுத் தட்டைக் கந்தப்பு நகர்த்தி வைத்தார்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன். இறக்காதேன்னு நான் சொல்லவே இல்ல. இறக்குன்னு கத்தினதே நான்தான். என் பேச்சை நம்பித்தாம்மா அவன் செத்தான். போலீஸ்ல போய்ச் சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

திட்டுவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள் ஹாஜரா.

"போன ரெண்டு வருசமும் நீங்க வரலேன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு அண்ணே. உங்க மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?"

"நீ ஏம்மா பயப்படணும்?"

"கடைசி ஆறு மாசமா அவரு ஒரு விசயத்த மறைச்சாரு. தெரிஞ்சா யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க, கந்தப்புகிட்டகூட மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

"எந்த விசயத்த?"

"அவருக்கு ரெண்டு காதும் செவிடு அண்ணே."