கீழே வைத்த காபி

அபூ கானிம் ஆட்டுத் தொடையிலிருந்து கையளவு கறியைப் பிய்த்து மிஷாரியின் முன்னால் போட்டார். இது நான்காவது தடவை.

“சாப்பிடு தம்பி. வெட்கப்படுறதுக்கு நீயா கல்யாணப் பொண்ணு?” என்று கேட்டு அவரே சிரித்தார். அவர் மகள் லுல்வாவைப் பெண் கேட்கத்தான் மிஷாரி வீட்டார் இந்த வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது பாதிக் குவைத்துக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு.

மிஷாரிக்கு வேர்த்துக் கொட்டியது. ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் டாக்டர் அவன் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருந்தார். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவு. மூன்று வாய் உள்ளே போகும். நாலாவது வாய் வெளியே வரும்.

நூற்றைம்பத்தெட்டு கிலோ இப்போது நூற்றுப் பத்து. மாதக்கணக்கில் கஞ்சியும் சூப்புமாக, கரண்டி கரண்டியாகக் குடித்துக் கிடந்ததற்குக் கிடைத்த கூலி அது. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் “ஜிம்முக்குப் போறேன்” என்று புளுகி வைத்திருந்தான்.

காரணம் அபூ கானிம்தான். “வயித்தை வெட்டிக்கிட்டவனுக்கு என் பொண்ணு கிடையாது. நாக்கைக் கட்ட முடியாதவன் குடும்பத்தை எப்படிய்யா கட்டிக் காப்பான்?” என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் முழங்குகிற மனிதர். லுல்வா காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள்: “எங்கப்பா முன்னாடி கொறிச்சுத் தொலைக்காதே. கண்டுபிடிச்சாருன்னா மூணு வருஷக் காதல் இன்னியோட முடிஞ்சுது.”

விஷயம் தெரிந்த ஒரே ஆள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாசிம் சித்தப்பா. மிஷாரியின் முன்னால் விழுந்த கறியெல்லாம் மச்பூஸ் சோற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“டேய், உனக்கு வயித்தை வெட்டினாங்க. எனக்கு வெடிக்கப் போகுதுடா!” என்று பல்லைக் கடித்தார் சித்தப்பா.

“இன்னும் ஒரே ஒரு துண்டு சித்தப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அபூ கானிம் ஓயவில்லை. தாம்பாளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். கையெல்லாம் நெய். ஆனால் அந்த வெள்ளை மீசையில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. பெரிய மனிதர்கள் சாப்பாட்டிலும் எத்தனை நேர்த்தி என்று மிஷாரி வியந்துகொண்டான்.

அவர் பார்க்கிறாரே என்பதற்காக அவனும் மூன்று வாய் விழுங்கி வைத்தான். மூன்றாவது வாய் நெஞ்சுக்குழியிலேயே நின்றுகொண்டது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மூத்த மகன் கானிம் காபி ஊற்றிக்கொண்டே வந்தான். மிஷாரியின் கைக்கும் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. மூன்றே மடக்கு. ஏலக்காய் மணந்தது.

ஐயோ! சாப்பிட்ட பிறகு அரை மணி நேரத்துக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஒரே ஒரு நாள் மீறினான். அன்றைக்கு ஆபீஸ் லிஃப்டில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். இன்றுவரை அவன் மாடிப்படியில்தான் ஏறுகிறான்.

என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தான்.

அவ்வளவுதான், பேச்சு சட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ‘எனக்கு ஒன்று வேண்டும், தந்தால்தான் குடிப்பேன்’ என்று அர்த்தம். பெண் கேட்கும்போது அப்படி வைக்க வேண்டியவர் குடும்பத்துப் பெரியவர். அதற்காக ஜாசிம் சித்தப்பா மூன்று நாளாகப் பேச்சு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையே முந்திக்கொண்டு வைக்கிற கூத்தை யாரும் கண்டதில்லை.

“என்ன தம்பி வேணும் உனக்கு?” என்றார் அபூ கானிம், புருவத்தைத் தூக்கி.

செய்த காரியம் மிஷாரிக்கு அப்போதுதான் உறைத்தது. “அது வந்து... அரை மணி...” என்று குழறினான்.

“உங்க பொண்ணு!” என்று பாய்ந்தார் சித்தப்பா. மூன்று நாள் மனப்பாடத்தில் அவருக்கு ஞாபகம் வந்தது அவ்வளவுதான். “உங்க பொண்ணை எங்க பையனுக்குத் தரணும்!”

அபூ கானிம் மிஷாரியை ஏற இறங்கப் பார்த்தார். தொளதொளத்த கழுத்துப் பட்டையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மிஷாரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“தந்தாச்சு! எடுத்துக் குடி!”

கூடமே ஆரவாரித்தது. மிஷாரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே வயிறும் கலங்கியது. இப்போது குடிக்காவிட்டால், தந்த பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். குடித்தாலோ, புது மாமனாரின் பாரசீகக் கம்பளம் பாழாகிவிடும்.

“குடி மாப்பிள்ளை, குடி!” என்று நாலாபக்கமும் கத்தினார்கள். வருவது வரட்டும் என்று கிண்ணத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோனான்.

அபூ கானிம் தன் கிண்ணத்தோடு எழுந்து வந்து, மற்றவர்களுக்கு அவனை மறைத்தபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் கிண்ணத்தில் காபி ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

காதோடு காதாகச் சொன்னார்:

“அவசரப்படாதே மாப்பிள்ளை, அரை மணி ஆகட்டும். நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”