பின்பக்க ஜன்னல்

பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அவன் பின்பக்க ஜன்னலில் ஒரு காலை வெளியே போட்டான். உள்ளே நின்ற பெண் அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவசரப்படுத்தினாள்.

"சீக்கிரம் குதிங்க. துரை சமையல்கட்டுல இருக்காரு. பார்த்துட்டாருன்னா தொலைஞ்சோம்."

"கத்துவாரா?"

"கத்தினா தெருவே கூடிடும். போங்கன்னா போங்க!"

அவன் குதித்தான். கொல்லையில் கிடந்த மணல் குவியலில் விழுந்து, எழுந்து, பின்னால் நாய் வருவது போல ஓடினான்.

துரைக்கு வயது இரண்டு. குதித்தவன் துரையைப் பெற்ற அப்பன். அவசரப்படுத்தியவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா.

எல்லாம் ஒரு நாள் அழுகையால் வந்த வினை. அன்றைக்கு அவன் முன்வாசல் வழியாகத்தான் வேலைக்குக் கிளம்பினான். துரை அவன் காலைத் துருப்பிடித்த நட்டு மாதிரி இறுக்கிக்கொண்டு அழுத அழுகையில், ஆள் ஏற்றும் லாரி போய்விட்டது.

மறுநாள் மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை லாரியை விட்டே, உன் வெல்டிங் முகமூடியை வேற ஒருத்தன் மூஞ்சியில மாட்டிடுவேன், பார்த்துக்க."

மனைவி விடிவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விடுகிறவள். அழும் பிள்ளையிடமிருந்து தப்பிக்க வழி சொன்னது அக்காதான். "முன்வாசல் எதுக்கு தம்பி? பின்னால அம்மாம் பெரிய ஜன்னல் இருக்கே."

அதிலிருந்து ஜன்னல்தான் அவனுக்கு வாசல். பிள்ளையின் அழுகை நின்றது. சாப்பாட்டுத் தகராறும் கூடவே நின்றது. காலையில் ஒரு கிண்ணம் சோறு மளமளவென்று உள்ளே போனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊட்டினால் மட்டும் அவள் முகத்திலேயே துப்புவான்.

"உங்க கையில மட்டும் என்னக்கா மந்திரம்?" என்று அவள் கேட்டால், அக்கா ஏதாவது பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள்.

தினமும் அவன் மணலில் விழுந்ததும் பட்பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். மழை நாளில்கூட விடாமல் துணி துவைக்கும் மகராசி எந்த வீட்டுக்காரியோ என்று நினைத்துக்கொண்டே ஓடுவான்.

ஒரு சனிக்கிழமை, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்பா, உன் வீட்டுல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? தினம் காலையில எவனோ ஒருத்தன் உன் ஜன்னல்ல இருந்து குதிச்சு ஓடறானாம். பின்தெரு மாடிக்காரரு பார்த்திருக்காரு. தலையில துண்டு, கழுத்துல பூட்ஸு. நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்துடறான் போல!"

அவன் மூன்று மாடி உயரச் சாரத்தில் நின்று இரும்பை ஒட்டுகிறவன். ரெண்டு வயசுப் பயலுக்குப் பயந்து ஓடுவது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அந்தப் பொம்பளையை நிறுத்து. இல்லேன்னா ஜன்னலுக்குக் கம்பி போடு. நீதான் வெல்டராச்சே, வெளிய எதுக்கு ஆள் தேடணும்?"

அக்காவை நிறுத்தினால் குடித்தனமே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தி உட்கார்ந்து, தன் வழியைத் தானே கம்பி வைத்து அடைத்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. யானை வந்து முட்டினாலும் பெயராது.

திங்கட்கிழமை காலை, பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு முன்வாசலில் நின்றான். லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லை.

"துரை, அப்பா வேலைக்குப் போயிட்டு வரட்டுமாடா?"

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். "டாட்டா!" என்று கையை ஆட்டிவிட்டு, தலைதெறிக்கச் சமையல்கட்டுக்குள் ஓடினான்.

அவ்வளவுதானா? நம்ப முடியாமல் நடந்தான். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. நாலு எட்டு போனதும், பெற்ற அப்பனுக்காகக் கொஞ்சம் அழுதால்தான் என்ன குறைந்து போகும் என்று மனசு சுணங்கவும் செய்தது.

லாரியில் ஒரு காலை வைத்திருப்பான். வீட்டிலிருந்து கிளம்பியது பார், ஆலைச் சங்கு மாதிரி ஒரு அலறல்!

"ஏறுடா!" என்றார் மேஸ்திரி.

"ஒரே நிமிஷம்ணே, வந்துட்டேன்!"

"இறங்கினே, அப்படியே போயிரு!"

அவன் இறங்கி ஓடினான்.

சமையல்கட்டு ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல். அதன்மேல் துரை, கொல்லையைப் பார்த்தபடி, மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுக. பக்கத்தில் அக்கா. கையில் இருந்த சோற்றுக் கிண்ணத்தில் ஒரு பருக்கை குறையவில்லை.

அவன் பிள்ளையை வாரி அணைத்தான். "அழாதடா ராஜா! அப்பா சாயங்காலம் வந்துடுவேன்டா!"

"அவன் அதுக்கு அழலை தம்பி," என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். "நீங்க எப்ப வந்தா அவனுக்கு என்ன?"

வெளியே லாரியின் ஹாரன் தொண்டை கிழியக் கத்தியது.

துரை அவன் பிடியிலிருந்து நழுவி மறுபடி ஸ்டூலில் ஏறினான். வெளியே வெறுமனே கிடந்த மணல் குவியலைக் காட்டினான். பிறகு, தட்டுவதற்குத் தயாராக இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, விக்கலுக்கு நடுவே சொன்னான்:

"அப்பா, குதி!"