ஐந்தாவது வரி

கீழக்கரையைத் தாண்டியதும் அம்மார் காரை ஓரங்கட்டி, கடல்காற்று எஞ்சினில் அடிக்கும்படி நிறுத்தினான். தண்ணீர் கேட்காமல் காற்றிலேயே குளிர்கிற பழைய எஞ்சின். நான்கு சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் வயர் இழுத்து ஒவ்வொன்றின் சூட்டையும் ஒரு வரியில் காட்டும் மீட்டரை அவனே மாட்டியிருந்தான். மூன்றாவது ஹெட் 210 டிகிரியைத் தொட்டிருந்தது.

பக்கத்தில் அவன் மனைவி சஃபா, ராமநாதபுரத்தில் எடுத்த ஸ்கேன் கவரை மடியில் வைத்திருந்தாள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் துடிப்பு தெரியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வண்டிய ஆஃப் பண்ணிருங்க மச்சான்."

"ஆஃப் பண்ணா ஃபேனும் நின்னுரும். சூடு கூடத்தான் செய்யும்."

கொஞ்ச நேரத்தில் நான்கு எண்களும் இறங்கின. மீட்டரில் வயரே இல்லாத ஐந்தாவது வரியில் 37 என்று வந்தது. சஃபா காற்று வாங்க இறங்கினாள், அது மறைந்தது. ஏறி உட்கார்ந்தாள், திரும்ப வந்தது. அம்மார் இறங்கிப் பார்த்தான், அப்படியே இருந்தது.

"37-ன்னா மனுச உடம்புச் சூடு. நாலு வருசமா இதே சீட்டுலதானே வாரேன். ஒருநாளும் இப்படிக் காட்டலையே" என்றாள் சஃபா. கை தானாக வயிற்றுக்குப் போனது. "திருப்புங்க மச்சான். இன்னொரு தடவ பாக்கச் சொல்லுவோம்."

மூன்றாவது ஹெட் எவ்வளவு ஏறியது என்று ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை அம்மார் பார்க்கவேயில்லை. ஐந்தாவது வரி 37-லேயே இருந்தது.