சனிக்கிழமை மேட்ச்

லெயாந்த்ரோ சனிக்கிழமைதோறும் ஊதா மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "மேட்ச் இருக்கு" என்று கிளம்பிவிடுவான். அவனைக் கட்டிக்கொண்டு நியேவெஸ் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போய்விட்டு வரட்டும் என்று இருந்தாள்.

இன்று ரொட்டிக்கடைக்காரி சிரித்தாள். "என்ன மேட்ச்? நம்ம ஊரு வால்தோரா கால்பந்து கிளப்பை இழுத்து மூடிப் பத்து வருஷமாச்சே! உன் ஆளைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ."

நியேவெஸ் ரொட்டியை வாங்காமலே அவன் பின்னால் போனாள்.

அவன் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தான். சோப்புத்தூள் வரிசையில் ஒருத்தி காத்திருந்தாள். கழுத்தில் அதே ஊதா மப்ளர். அவள் நீட்டிய சூரியகாந்தி விதையை அவன் உரிமையோடு அள்ளிக் கொறித்தான்.

"யாரு இவ?"

லெயாந்த்ரோவின் முகம் வெளுத்தது. "கசில்டா. என் பக்கத்து சீட்டு."

"கடைக்குள்ள ஏது சீட்டு? யாருக்குக் காது குத்தறே?"

"நிஜமாத்தான் சொல்றான்," என்றாள் கசில்டா. "முப்பது வருஷமா பக்கத்துப் பக்கத்து சீட்டு. மைதானத்தை இடிச்சுக் கடையைக் கட்டிட்டாங்க. அதுக்காக எங்க இடத்தை விட்டுக் கொடுத்துடுவோமா? கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கோல் மறைக்குது."

நியேவெஸ் திரும்பிப் பார்த்தாள். வரிசை நெடுக ஊதா மப்ளர்கள். அத்தனை பேரும் உறைந்த மீன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் மெல்லக் கணவன் பக்கம் ஒதுங்கினாள். ஒரு விதையை எடுத்துக் கடித்தாள்.

"ஜெயிக்கிறோமா?"

"எங்கே!" என்று லெயாந்த்ரோ பெருமூச்சு விட்டான். "இன்னைக்கும் தோல்விதான்."