எந்தப் பக்கம் கேட்கிறது?

டவுன் பஸ் டிரைவர் தவசிலிங்கம் காலையில் கண் விழித்தபோது இடது காது செத்துக் கிடந்தது. மனைவி செண்பகம் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பார்த்தாள். காது திறக்கவில்லை. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். வரிசையில் முன்னால் இருந்த ஒருவர் இதையெல்லாம் ஏற்கெனவே பட்டுத் தேறியவர். "டாக்டரு இசைக்கவைன்னு ஒரு இரும்புக் கவையத் தட்டி, ரீங்குறப்பவே நடு நெத்தியில வைப்பாரு. செத்த காதுல கேட்டா வெறும் அடைப்பு, சொட்டு மருந்தோட போயிரும். நல்ல காதுல கேட்டா நரம்பு போச்சு. காதுக்குள்ளயே ஊசி குத்துவாங்க" என்றார். காது போனால் ஸ்டியரிங்கும் போய்விடும். டாக்டர் கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" ரீங்காரம் முழுவதும் வலது காதுக்குள் போய்ச் சுழன்றது. தவசியின் கை எழுந்து இடது காதைத் தொட்டது. டாக்டரின் முகம் தெளிந்தது. "எண்ணெயும் அழுக்கும்தான் அடச்சிருக்கு. நரம்பா இருந்தா இன்னைக்கே ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிக்கணும். நாளக் கடத்துனா அப்புறம் எது குடுத்தும் காது திரும்பாது." செண்பகம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தவசி வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். வண்டிகளின் இரைச்சலில், அவனுடைய இடது தோளை உரசியபடி, செண்பகம் வழிநெடுக என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான்.