கீழ்வீட்டுக்கு இறங்கிய வேர்

மாடி வீட்டைக் காலி செய்யும் நாளில், ஜன்னலோரம் பதினோரு வருடமாக வளர்த்த ரப்பர் மரத் தொட்டியைச் சுகந்தியால் அசைக்கவே முடியவில்லை. தொட்டியின் அடி ஓட்டை வழியே வேர் இறங்கித் தரை விரிசலுக்குள் புகுந்திருந்தது. பதறிப்போய், நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கீழ்வீட்டுத் தேவசகாயத்தின் கதவைத் தட்டினாள். அவர் உள்ளே அழைத்துப் போனார். கூரையிலிருந்து விரல் பருமனில் ஒரு வேர் ஜன்னலோரம் நேராகத் தொங்கியது. அதன் கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தார்.

“மொதல்ல அறுத்துடலாம்னுதான் கத்தியோட ஸ்டூல்ல ஏறினேன். தொட்டா ஜில்லுனு இருந்துச்சும்மா. மனசு வரல. இன்னும் ஒரு சாண்தான், தண்ணியைத் தொட்டுடும்.”

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். சுகந்தி அந்த வேருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.